அவன் பேரில் பொரித்த ரொட்டி

வியாழக்கிழமை பொரித்த எண்ணெயின் வாசம் சனிக்கிழமை ஆகியும் வீட்டை விட்டுப் போகவில்லை.

ஜிபெக் இரண்டு ஜன்னல்களையும் திறந்து வைத்துப் பார்த்தாள். நரின் ஆற்றுப் பக்கமிருந்து பனிக்கு முந்திய காற்று, அப்போதுதான் சாணை பிடித்த கத்தி மாதிரி உள்ளே வந்து, திரையை அடித்து, சுவரில் தொங்கிய கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி, அடுப்புச் சாம்பலைத் தரையெல்லாம் தூவிவிட்டுப் போயிற்று. வாசத்தை மட்டும் அது தொடவில்லை. இரண்டு நாள் ஆறிப்போன சட்டியின் சிக்கு வாடை என்றால் அவளுக்குத் தெரியாதா. இது அது இல்லை. ஆட்டுக்கொழுப்பு கலந்த எண்ணெயில் இந்த நிமிஷம் யாரோ மாவைத் தட்டிப் போட்டு, அது உப்பிப் புரண்டு சிவக்கிற வாசம். அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அறையைச் சுற்றினாள். வாசலருகே வாசம் இல்லை. அடுப்பருகே லேசாக. கதவுக்கு நேர் எதிரே, சுவரை ஒட்டிப் போட்ட மெத்தையில்தான் அது கெட்டியாக இருந்தது. அந்த இடத்துக்குத் தோர் என்று பேர். வீட்டு ஆண்மகனும் வந்த பெரியவர்களும் உட்காருகிற இடம். கல்யாணமாகி வந்த நாள் முதலாய் அங்கே அவள் கணவன் சாகின்தான் உட்காருகிறான்.

குனிந்து மெத்தையைத் தொட்டாள். யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல அது வெதுவெதுப்பாக இருந்தது.

சாகின் விடியற்காலையிலேயே ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போயிருந்தான்.

வியாழக்கிழமை அவள் செய்தது ஊரில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். சாயங்காலம் எண்ணெய் காய்ச்சி, ஏழு ரொட்டி பொரித்து, வீட்டில் இறந்துபோனவர்களின் பேரைச் சொல்லி ஓதுவார்கள். இறந்தவர்களுக்குப் பல் ஏது; வாசம்தான் அவர்களுக்குச் சாப்பாடு. பேர் சொல்லக் கேட்டு வருவார்கள், வாசத்தை உண்டு போவார்கள். ஆனால் அவரவர் வீட்டில் அவரவர் சாவுக்குத்தான். அடுத்த வீட்டுச் சாவுக்கு நம் அடுப்பில் எண்ணெய் வைப்பது எங்கும் இல்லாத வழக்கம்.

ஜிபெக் எண்ணெயின் மேல் குனிந்து, "மேதர்," என்றாள். மெல்லத்தான் சொன்னாள். எண்ணெய் பொங்கிச் சீறிற்று.

மேதர் அவளுக்கு யார்? கேட்டால் சொல்ல ஒரு முறை கிடையாது. இளம் வயதில் அவன் தாய் வந்து அவள் காதில் கம்மல் போட்டு நிச்சயம் பண்ணிப் போனாள். அடுத்த வருஷம் கம்மல் திரும்பிப் போயிற்று. அவன் வெறும் குதிரை மேய்ப்பவன். சாகினுக்கோ வீடும் லாரியும் இருந்தன. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அப்புறம் மேதர் அனிபாவைக் கட்டினான். ஒரே ஊர், ஒரே தெரு. எதிரே வந்தால் "சுகமா?" "சுகம்." அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவன் குதிரைமேல் இருக்கும்போதே நெஞ்சு நின்றுபோயிற்று. குதிரை தானாக அவனை உட்கார்ந்தபடியே வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது.

துக்கத்துக்காகப் போட்ட கூடாரத்தில் அனிபா சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். அக்காக்கள் தங்கைகள் அவளுக்குப் பின்னால். அக்கம்பக்கத்துப் பெண்கள் உள்ளே போய், அளவோடு அழுது, அளவோடு எழுந்து வந்தார்கள். ஜிபெக்கின் முறை வந்தபோது தொண்டையில் ஏதோ ஒன்று மேலே ஏறி வந்தது. அது அக்கம்பக்கத்து அழுகை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தலைத்துணியின் முனையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அந்த அழுகை இறங்கவே இல்லை. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? கடைசியில் எண்ணெயில் கொட்டினாள்.

அன்றைக்குப் பார்த்து சாகின் சீக்கிரம் வந்துவிட்டான். மோப்பம் பிடித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினான்.

"என்ன வாசம் தெரு முனை வரைக்கும் தூக்குது. யாருக்கு?"

"உங்க அப்பாவுக்கு."

"எங்கப்பனுக்கா? உயிரோட இருந்தப்ப ஒரு தேநீர் கேட்டாலே மூஞ்சியத் தூக்குவ. இப்ப இவ்வளவு கொழுப்பு போட்டுப் பொரிக்கிற? மனுஷன் சந்தோஷத்துல இன்னொரு தடவ செத்துருவாரு."

சிரித்துக்கொண்டே, ஓதி முடிப்பதற்குள் ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தான். பிறகு தோரில் போய் உட்கார்ந்து, வாயில் இருந்ததை விழுங்கி, இரண்டு கைகளையும் ஏந்தினான். தெரிந்த சூராவை நிறுத்தி நிதானமாக ஓதினான். "யாரு பேருல பொரிச்சதோ அவருக்குப் போய்ச் சேரட்டும்," என்று முகத்தைத் தடவிக்கொண்டான்.

ஜிபெக் கரண்டியோடு நின்றாள். அந்தக் கைகளைப் பார்க்க அவளால் முடியவில்லை. காது மடல் வரைக்கும் எரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் சாகின் மேட்டிலிருந்து வந்தவன் தோருக்குப் போகாமல், அதற்கு ஒரு மெத்தை தள்ளி உட்கார்ந்தான்.

"ஏன் அங்க?"

"அங்க காத்து அடிக்குது."

அங்கே ஜன்னலே இல்லை. அவள் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்தான். காலியாகக் கிடந்த மெத்தையின் நடுவே, விளக்கு வெளிச்சத்தில், ஒரு குழி இருந்தது. ஆள் உட்கார்ந்தால் விழுகிற குழி.

மறுநாள் சாகின் அடுப்புப் பக்கம் வந்துவிட்டான். அதற்கடுத்த நாள் கதவுப் பக்கம், சின்னப் பிள்ளைகளும் ஏழைச் சொந்தக்காரர்களும் உட்காருகிற இடத்தில். யாரும் அவனைத் தள்ளவில்லை. அவனும் முகம் சுளிக்கவில்லை. பந்தியில் பெரியவர் ஒருவர் வந்ததும் மரியாதைக்கு நகர்ந்து கொடுப்போமே, அப்படி நகர்ந்தான்.

மேதருடைய அண்ணி ராக்கான் அந்த வாரம் வந்தாள். பருத்த உடம்பு, பெரிய குரல். ஊரில் எந்தக் கல்யாணமும் கருமாதியும் அவள் இல்லாமல் நடக்காது. உள்ளே நுழைந்ததும் சாகினைப் பார்த்தாள்.

"என்னடா சாகின், வீட்டோட மாப்பிள்ள மாதிரி வாசப்படியில உக்காந்துருக்க? பொண்டாட்டி எறக்கிட்டாளா?"

சாகின் புன்னகை செய்தான். பதில் சொல்ல வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துபோன மாதிரி இருந்தது.

"அக்கா, மேல வாங்க," என்றாள் ஜிபெக். வயதுக்கு மூத்தவளைத் தோரில்தான் உட்கார வைக்க வேண்டும். ராக்கான் நடந்தாள். பாதி அறையில் நின்றாள். மூக்கை உறிஞ்சினாள். "இங்கயே உக்கார்றேன். முட்டி மடங்கல," என்று அடுப்பருகே சரிந்துகொண்டாள்.

ஒரு கிண்ணம் குடித்துவிட்டுத்தான் வந்த காரியத்தைச் சொன்னாள்.

"நாப்பதாம் நாளு வருது. பொரிக்கிறதுக்கு ஆள் வேணும், நீ வந்துரு. ஆனா ஒண்ணு சொல்றேன், வெளிய விடாத. அங்க நெலம சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"அனிபா ஒவ்வொரு வியாழனும் எண்ணெய் வைக்கிறா. மாவு வேகுது, செவக்குது, வாசமே வரல. களிமண்ண வறுத்த மாதிரி இருக்கு. கனவுல வந்தாரா வந்தாரான்னு தெனமும் கேக்கறேன். ஒரு நாளுகூட வரலையாம். பாவி, நாப்பது முடியற வரைக்கும் செத்தவன் தன் வீட்டுலதான இருக்கணும்? பள்ளிவாசல் மோல்தோவக் கூட்டிட்டு வந்து ஓத வச்சோம். அந்தக் கெழவரு முகத்தத் தடவிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? உங்க ஆளு இங்க இல்லம்மா. வேற எங்கயோ யாரோ பேர் சொல்லி ஊட்டுறாங்கன்னாரு."

ஜிபெக் கிண்ணத்தை நிரப்பினாள். தேநீர் விளிம்பைத் தாண்டி வழிந்தது.

"பாத்து ஊத்துடி. நாப்பதுக்குள்ள அவன் வீடு திரும்பலன்னா, எங்க உக்காந்துருக்கானோ அதுதான் அவன் வீடாம். அப்புறம் எழுப்ப முடியாதாம்."

"அப்ப என்ன பண்ணுறது?"

"கூப்ட்டவதான் விடணும். அனிபா முன்னால வந்து நின்னு, நான்தான் கூப்ட்டேன், என் மனசுல இருந்தாரு, இந்தா உன் புருஷன்னு வாய் தெறந்து சொல்லி அழுதுட்டுப் போகணும். நாலு பேரு முன்னாடி." ராக்கான் சிரித்தாள். "எவ சொல்லுவா? அடுத்தவ புருஷனுக்கு அடுப்பு மூட்டுறவளுக்கு மானம் இருந்தா மொதல்லயே மூட்டியிருக்க மாட்டா."

கதவருகே சாகின் ஒரு ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். அதைச் சாப்பிடவில்லை. மூக்கருகே கொண்டுபோய் நீளமாக முகர்ந்தான். பிறகு முழுசாக அப்படியே கீழே வைத்தான்.

அன்றிலிருந்து அவனை அவள் கவனித்தாள். மாஸ்கோவில் இருக்கிற மகன் போன் செய்தபோது, "உங்க அப்பா நல்லாத்தான் இருக்காரு," என்றாள். சாகின் தேய்ந்துகொண்டிருந்தான். மெலிந்தான் என்று சொல்ல முடியாது. துவைத்துத் துவைத்துச் சாயம் போகிற துணி மாதிரி. முன்பெல்லாம் அவன் குரல் கேட்டால் சங்கிலியை அறுத்துக்கொண்டு வரும் நாய், இப்போது அவன் அருகில் நடந்து போனாலும் தலையைத் தூக்குவதில்லை. ஆனால் ஜன்னலைப் பார்த்து, வீட்டுக்குள் இருக்கிற யாரையோ பார்த்து, வாலை ஆட்டியது.

அவள் அப்போதே அனிபாவிடம் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பயத்தால் மட்டும் இல்லை. அதை எப்படிச் சொல்வது? சாயங்காலங்களில் அவள் மாவு பிசையும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானது. அவள் சுத்தமான தலைத்துணி கட்டிக்கொள்ளத் தொடங்கினாள். ஒருநாள் தோருக்கு முன்னால் ஒரு கிண்ணம் வைத்தாள். சாகின் தேநீரில் சர்க்கரை போடுவான்; மேதர் உப்பு. அந்தக் கிண்ணத்தில் அவள் உப்புப் போட்டாள். கையே போட்டது. திரும்பிப் பார்த்தபோது கிண்ணம் காலி. அவள் வாய் சிரித்தது. கதவருகே உயிரோடு உட்கார்ந்திருந்த கணவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, வேறு ஒரு வீட்டு விஷயத்தைத் தெரியாமல் பார்த்துவிட்ட விருந்தாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்த வியாழக்கிழமையும் அவள் எண்ணெய் வைத்தாள். அதற்கடுத்த வியாழனும்.

அதற்குப் பிறகு சாகின் ஆட்டுக் கொட்டகையில் படுத்துக்கொண்டான். "அங்கதான் கதகதப்பா இருக்கு," என்றான். வெளியே குட்டைத் தண்ணீர் உறைந்து கிடந்தது.

நாற்பதாம் நாள் அவள் தீர்மானத்தோடுதான் புறப்பட்டாள். வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். நான்தான் கூப்ட்டேன். நான்தான் கூப்ட்டேன். தெரு முழுக்க வெட்டிய குதிரையின் இறைச்சி வேகிற புகை. முற்றத்தில் பெரிய கொப்பரை வைத்துப் பெண்கள் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பெரிய கொப்பரை; அத்தனை எண்ணெய். கிட்டப் போய் நின்றாள். ஒரு வாசமும் இல்லை. பெண்களும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாவைப் போடுவதும் எடுப்பதுமாக, கைகள் மட்டும்.

"உன் வீட்டுக்காரரு எங்க?" என்றாள் ஒருத்தி.

"ஆடு ஈனப் போகுது," என்றாள் ஜிபெக்.

"இந்தக் குளிர்லயா? உன் ஆட்டுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அனிபா உள் அறையில் கறுப்புத் துணியில் இருந்தாள். கன்னத்தில் நகம் கீறிய தழும்பு காய்ந்திருந்தது. ஜிபெக்கைப் பார்த்ததும் மற்றவர்களை நகரச் சொல்லிப் பக்கத்தில் இடம் கொடுத்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். தப்பா நெனச்சுக்காத."

"கேளு."

"அவருக்கு உன்மேல ஒரு இது இருந்துச்சு. எனக்குத் தெரியும். கட்டின அன்னிக்கே தெரியும். நான் அதுக்காக உன்னை ஒரு நாளும் பேசினது இல்ல, பேசியிருக்கேனா?"

"இல்ல."

"நீ அவருக்காக அழுதியா, ஜிபெக்? உன் வீட்டுல, தனியா? அழுதிருந்தா சொல்லு. நான் உன்னத் திட்ட மாட்டேன். கட்டிப் புடிச்சுக்குவேன். எனக்கு அவரு வீட்டுக்கு வந்தாப் போதும்."

வாசலில் ராக்கான் தட்டோடு நின்றாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். அத்தனை கண்கள். ஜிபெக்கின் தொண்டையில் மறுபடியும் அது ஏறியது. வாயைத் திறந்தாள். திறந்தால் போதும், அது தானே வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. நாளைக்குக் கிணற்றடியில், கடையில், மகனின் காதில் அது எப்படிப் போய் விழும் என்பதும் தெரிந்தது. ஐம்பது வயசுக்கு மேல. புருஷன் ஓதின ரொட்டி. அடுத்தவ புருஷனுக்கு.

"அக்கம்பக்கம்னு எல்லாரும் அழுத மாதிரிதான் அழுதேன்," என்றாள்.

அனிபா கையை விடவில்லை. கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். அப்புறம் மெல்ல விட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, கடைசி ஒப்பாரியைத் தொடங்கினாள். அதில் அழுகை இல்லை. ஆள் இல்லாத வீட்டில் கதவு அடித்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

திரும்பி வரும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பாப்ளார் மரங்களுக்கு மேலே வானம் ஈயத்தட்டு மாதிரி கிடந்தது. தெரு முனையிலேயே அவளுக்கு வாசம் வந்தது. கொழுப்பு. மாவு. சிவந்து உப்புகிற ரொட்டி. அவள் வீட்டுப் புகைக்கூண்டில் புகை போய்க்கொண்டிருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போயிருந்தாள்.

முற்றத்தில், ஜன்னலுக்குக் கீழே, சாகின் நின்றான். தொப்பி இல்லை. கோட்டு இல்லை. நாய் அவன் காலடியில் தூங்கியது.

"ஏன் வெளிய நிக்கிறீங்க?"

அவன் திரும்பினான். அவளைத் தெரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தெரிந்ததா என்பதும் தெரியவில்லை.

"வாசம் வந்துச்சும்மா. அதான் வந்தேன்."

"உள்ள வாங்க."

"உள்ள ஆள் இருக்கு."

"யாரு?"

"வீட்டுக்காரரா இருக்கும்." மரியாதையாகச் சொன்னான். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்குகிற குரலில், "யாரு பேருக்கும்மா பொரிக்கிறாங்க? என் பேரச் சொன்னாங்கன்னா உள்ள வருவேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவன் பேரைச் சொன்னதில்லை. அந்த ஊரில் எந்த மனைவியும் சொல்வதில்லை. ஒரு பேர். மூன்றே எழுத்துச் சின்னப் பேர். சொன்னால் போதும்.

வாயைத் திறந்தாள்.

"ஜிபெக்." உள்ளிருந்து. கனமில்லாத குரல். பழைய குரல். "தேநீர் ஆறுது."

அவள் திரும்பினாள். கதவு திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. அடுப்பில் சட்டி. சட்டியின் பக்கத்தில் யாரும் இல்லை. தோரில் ஒருவன். குதிரைமேல் உட்காருகிற மாதிரி முதுகு நிமிர்ந்து. சாகினின் கோட்டு. சாகினின் தொப்பி. முகம் சுவர்ப் பக்கம். ஒரு கை மட்டும் இந்தப் பக்கம் நீண்டிருந்தது. வெறும் கிண்ணத்தோடு.

தெருவில் சிரிப்பும் செருப்புச் சத்தமும் கேட்டன. கருமாதிக்குப் போனவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ராக்கானின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே. வேலி உயரம் இல்லை. யாரும் எட்டிப் பார்க்கலாம்.

அவள் செருப்பைக் கழற்றினாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள்.

கிண்ணத்தை வாங்கி ஊற்றினாள். உப்புப் போட்டாள். விரல்கள் அவள் விரல்களைத் தொட்டன. மண் மாதிரி இருந்தன. அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

ஜன்னலில் ஒரு முகம். கண்ணாடியை ஒட்டி. இரண்டு கைகளும் ஏந்தியபடி. அந்தக் குளிரில், அத்தனை நெருக்கத்தில், அந்த வாயிலிருந்து கண்ணாடியில் ஆவியே படியவில்லை. உதடுகள் அசைந்தன. தன் பேரைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது அது. மறுபடியும். மறுபடியும். அவளுக்குப் புரியட்டும் என்று நிதானமாக.

செருப்புச் சத்தங்கள் வேலியருகே வந்தன.

பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள். ஜிபெக் எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டாள்.